91ஆம் சங்கீதமும் தப்பிக்காதவர்களும்

அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகும் முன், பிள்ளையை இரவுப் பேருந்தில் ஏற்றிவிடும் முன், காய்ச்சல் இறங்காத ராத்திரிகளில் எனத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமத்தை எடுத்தால் விரல் பெரும்பாலும் போய் நிற்பது 91ஆம் சங்கீதத்தில். கத்தோலிக்கர் இதைத் திருப்பாடல் என்பார்கள்; எண் அதேதான். மொத்தம் 16 வசனங்கள். வேடன் வைத்த கண்ணி, இரவின் திகில், பகலில் பாயும் அம்பு, கொள்ளைநோய் என்று மனிதன் அஞ்சும் அத்தனையும் அதில் பேர் சொல்லி வருகின்றன. அவற்றின் நடுவே, குஞ்சைச் சிறகுக்குள் மூடும் பறவையாகக் கடவுள் வருகிறார்.

இந்தப் பழக்கம் மிகப் பழையது. சாக்கடல் ஓரத்துக் கும்ரானில் 11ஆம் குகையில் கிடைத்த ஒரு சுருளில், பேய் ஓட்டும் பாடல்களோடு இந்தச் சங்கீதமும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. ஆதிக் கிறிஸ்தவர்கள் இதன் வரிகளைத் தாயத்துகளிலும் கைவளைகளிலும் எழுதி அணிந்தார்கள். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கில், ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும் முன் சொல்லவேண்டிய மூன்று பாடல்களில் இதுவும் ஒன்று. இருட்டுக்குப் பயப்படாத மனிதர் யாருமில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த ஆறுதலை வெறும் மனமயக்கம் என்று தள்ளிவிட முடியாது. பயத்தில் இருப்பவருக்கு முதலில் போவது சொல். என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வரிகள் அப்போது தாமாக எழுந்து வருகின்றன. உடலும் அதற்கு இசைகிறது. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில் 23 பேரை ஜெபமாலை மந்திரத்தை லத்தீனில் சொல்லவைத்துப் பார்த்தார்கள். மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்து சீரானது. யோக மந்திரத்திலும் அதே பலன்தான். பக்கத்தில் இன்னொருவர் சேர்ந்து வாசிக்கும்போது, நோயாளி தனியாக இல்லை என்பதும் கூடவே உறுதியாகிறது. இந்தப் பழக்கத்தின் ஆகப் பெரிய கொடை அந்தத் துணைதான் என்று தோன்றுகிறது.

கோளாறு எங்கே தொடங்குகிறது? ஜெபம் உத்தரவாதச் சீட்டாக மாறும் இடத்தில். பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை அணுகாது என்ற பொருளில் ஒரு வசனம் இதில் உண்டு. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் அது வந்துவிட்டால் குடும்பமே மகிழும். விழுந்த அந்த ஆயிரம் பேரும் யாரோ ஒருவரின் பிள்ளைகள் என்பது அந்த மகிழ்ச்சியில் மறைந்துபோகிறது. சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்களும் பிழைத்தவர்கள் மட்டுமே. அதே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே இறந்தவரின் மனைவி கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். அவரிடம் யாராவது போய் ‘விசுவாசம் போதவில்லையோ’ என்று கேட்டுவிட்டால், அதைவிடக் கொடுமை வேறில்லை.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் பலரை ஆழிப்பேரலை கொண்டுபோனது, பேராலயம் நின்றது. அது நின்றதைப் புதுமை என்று பலர் நெகிழ்ந்து சொன்னார்கள். நெகிழ்ச்சி உண்மையானதுதான். ஆனால் மாதாவைத் தேடி வந்த இடத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்?

சுவிசேஷமே இதற்கு எச்சரிக்கை வைத்திருக்கிறது. வனாந்தரச் சோதனையில் சாத்தான் வேதத்தை எடுத்துக்காட்டிப் பேசுகிறான். அவன் தேர்ந்தெடுப்பது இதே சங்கீதத்தைத்தான். தூதர்கள் தாங்குவார்கள், ஆலய உச்சியிலிருந்து குதி என்கிறான். இயேசு மறுக்கிறார். கடவுளைப் பரீட்சை பார்ப்பதும் அவரை நம்புவதும் வேறு வேறு என்று அங்கேயே பிரித்துவிடுகிறார். தடுப்பூசி வேண்டாம், மருந்து வேண்டாம், வசனம் போதும் என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியை இன்னொரு முறை வாசிக்கவேண்டும்.

மார்ட்டின் லூத்தர் வாசித்திருந்தார். 1527இல் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது பல்கலைக்கழகம் ஜெனாவுக்கு மாறியது. அவர் நோயாளிகளோடு தங்கினார். கொள்ளைநோய்க்கு ஓடலாமா என்று பிரெஸ்லாவ் நகரத்துப் போதகர்கள் கேட்டதற்கு அவர் எழுதிய பதிலில் இரண்டும் இருக்கின்றன: ஜெபம் செய், மருந்து சாப்பிடு, வீட்டுக்குப் புகை போடு, தேவையில்லாத இடத்துக்குப் போகாதே. மருந்தை மறுப்பது அவர் கண்ணில் கடவுளைச் சோதிப்பது.

சங்கீதத்தின் கடைசி மூன்று வசனங்களில் கடவுளே பேசுகிறார். ஆபத்தில் அவனோடு இருப்பேன் என்பதே அங்கு சாரம். அப்படியானால் ஆபத்து வரும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இருளிலேயே முடிந்துவிடும் 88ஆம் சங்கீதமும் இதே தொகுப்பில்தான் இருக்கிறது. வாக்குத்தத்த அட்டை அச்சிடுபவர்கள் அதையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

ஹிட்லரை எதிர்த்துச் சிறைப்பட்ட போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1943 கிறிஸ்துமஸுக்குப் பெர்லின் டேகல் சிறையில் சக கைதிகளுக்காக ஜெபங்கள் எழுதிக்கொடுத்தார். அடுத்த மாதம் குண்டுவீச்சு. எல்லாரும் தரையில் கிடக்க, ஒருவன் கடவுளைக் கூப்பிட்டு அலறினான். அவனுக்குக் கிறிஸ்தவ ஆறுதல் எதுவும் சொல்லத் தமக்கு மனம் வரவில்லை என்று போன்ஹோஃபர் நண்பருக்கு எழுதினார். கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பத்து நிமிடத்துக்குமேல் இது நீடிக்காது என்று மட்டும் சொன்னாராம்.