பெயர் சூட்டும் குறும்பு

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மல்லசமுத்திரம் போன்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் ‘பாஸ்’ லினக்ஸ் இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. அதைச் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. “என்ன பாஸ்?” என்று நண்பனைக் கூப்பிடும் நாட்டில் இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது!

பாஸுக்கு அடித்தளம் டெபியன். 1993இல் அதைத் தொடங்கிய இயன் மர்டாக், காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயரை ஒட்டவைத்தார். அதன் பதிப்புகளுக்கெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ படப் பாத்திரங்களின் பெயர்கள்: பஸ், உட்டி, ஜெஸ்ஸி. என்றும் நிலைப்படாத உருவாக்கப் பதிப்புக்கு மட்டும், பொம்மைகளை உடைக்கும் பொல்லாத பையன் சிட்டின் பெயர். டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டு, 2004இல் தன் முதல் பதிப்புக்குக் காட்டுப்பன்றியின் பெயரைச் சூட்டியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய ‘க்னூ’ இயங்குதளத்தின் பெயரோ இன்னும் வேடிக்கை. ‘க்னூ யுனிக்ஸ் அல்ல’ என்பதே விரிவு. உள்ளே மறுபடியும் க்னூ, அதற்குள்ளும் க்னூ!

விற்பனைப் பிரிவு கூடிப் பேசி வைக்கும் பெயர்களில் இந்தக் குறும்பு வராது. நிரலை எழுதியவர்களே ஆசையாகச் சூட்டிய பெயர்கள் இவை. ருசியும் அதில்தான்.