இரு தீவுகள்: அதிசயக் கதையும் அறிவின் தேடலும்

கற்பனைக் கதை பொய்யாகுமா? நம் மத்ரஸாக்களில் அவ்வப்போது எழும் வினா இது. இதற்கு விடை தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ‘மகாமாத்’ நூலின் முன்னுரையிலேயே அல்லாமா ஹரீரீ (மறைவு கி.பி. 1122) இதனை எதிர்கொண்டிருக்கிறார். விலங்குகள் பேசுவதாகப் புனையப்பட்ட கதைகளை அறிஞர் எவரும் பழித்ததில்லை என்று சுட்டி, செயல்கள் யாவும் எண்ணத்தைப் பொறுத்தவை என்னும் அடிப்படையில் தம் புனைவுக்கு நியாயம் காண்கிறார். கேட்பவரை ஏமாற்றுவதே பொய். கதையைக் கதையென்று அறிவித்துச் சொல்வது பொய்யன்று. ஆகவே, கூடுமா கூடாதா என்பதைவிட, நல்ல அதிசயக் கதை எது என்பதே நாம் ஆராயத்தக்கது.

இதற்கு அரபு மொழியின் இரண்டு கதைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். முதலாவது, அந்தலூஸியா நாட்டு மருத்துவரும் தத்துவ அறிஞருமான இப்னு துஃபைல் (மறைவு 1185) எழுதிய ‘ஹய்யு இப்னு யக்ழான்’. மனிதரே இல்லாத தீவொன்றில் ஒரு குழந்தை. அது களிமண்ணிலிருந்து தானாகத் தோன்றியது என்பது ஒரு கூற்று. பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டது என்பது மற்றொன்று. ஆசிரியர் இரண்டையும் தருகிறார். மான் ஒன்று அக்குழந்தைக்குப் பாலூட்டுகிறது. ஹய்யுக்கு ஏழு வயதாகும்போது அந்த மான் இறந்துவிடுகிறது. எங்கே பழுது நேர்ந்தது, நீக்கினால் எழுந்துவிடுமே என்று தவித்து, கூரிய கற்களால் அதன் நெஞ்சைத் திறந்து பார்க்கிறான். இதயத்தின் ஓர் அறை வெறுமையாக இருக்கிறது. தன்னை வளர்த்தது இந்த உடலன்று, இதைவிட்டு நீங்கிய ஏதோ ஒன்று என அவன் உணர்கிறான். இறைவனை நோக்கிய அவனது நெடும் பயணத்திற்கு இந்த இழப்பே வாயிலாகிறது. தத்துவம் இங்கே பாடமாக வரவில்லை. தாயை இழந்த பிள்ளையின் அழுகையிலிருந்து வருகிறது.

இரண்டாவது, இப்னுந் நஃபீஸ் (மறைவு 1288) எழுதிய ‘அர்ரிஸாலத்துல் காமிலிய்யா’. ஹய்யின் கதைக்கு மறுமொழியாகவே இது கருதப்படுகிறது. இதன் நாயகன் காமிலும் ஆளற்ற தீவில் தானே தோன்றுகிறான். அங்கே ஒதுங்கும் கப்பலில் வந்தவர்கள் அவனுக்கு ரொட்டியும் ஆடையும் தருகின்றனர். மனிதன் தனித்து வாழ இயலாதவன், கூடி வாழச் சட்டம் வேண்டும், சட்டத்திற்கு நபி வேண்டும் என அவன் சிந்தனை படிப்படியாக ஏறுகிறது. மக்களைத் திருத்த முயன்று தோற்றுத் தன் தீவுக்கே திரும்பும் ஹய்யைவிட, ரொட்டித் துண்டிலிருந்து சமூகத்தைக் கண்டறியும் காமில் இந்த ஓரிடத்தில் மேம்பட்டு நிற்கிறான்.

அதன்பின் கதை தளர்கிறது. இறுதி நபியின் வரலாற்றையும், பின்னர் நேர்ந்த நிகழ்ச்சிகளையும், உலக முடிவின் அடையாளங்களையும் காமில் தன் அறிவாலேயே ஊகித்துவிடுகிறான். அவன் எங்கும் தடுமாறுவதில்லை. தவறான முடிவுக்கு வந்து திரும்புவதுமில்லை. விடைகளில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தேடல் நடிப்பாகிவிட்டது. இதயத்தின் இரு கீழறைகளுக்கு இடையிலான சுவரில் துளையில்லை, குருதி நுரையீரல் வழியாகவே செல்கிறது என்று காலனின் கருத்தை மறுத்துரைத்தவர் இதே இப்னுந் நஃபீஸ். மருத்துவத்தில் காட்டிய அந்தத் துணிவைக் கதையில் அவர் காட்டவில்லை.

இந்தக் குறையைச் சுட்டும் தகுதி நமக்கு உண்டா என்பது ஐயமே. சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவர் அறிவியல் புனைகதை ஒன்றை எழுதி வந்து காட்டினார். நிலவில் குடியேறிய ஒரு குடும்பம், ரமளான் நெருங்குகிறது, பிறையை எங்கே பார்ப்பது? பிறையின் மேலேயே அல்லவா நிற்கிறார்கள்! வானில் தேய்ந்து வளர்வதோ பூமி. பாட்டனார் வெளியே பார்த்தபடி நிற்பதோடு கதை முடிந்தது. “ஹுக்மு சொல்லாமல் முடிக்கலாமா தம்பி?” என்று கேட்டோம். மறுவாரம் அவர் ஓர் ஆலிமைக் கதைக்குள் கொண்டுவந்தார். அந்த ஆலிம் இரண்டு பக்கம் விளக்கினார். ஃபத்வா சரியாகவே இருந்தது, பாட்டனாரைக் காணவில்லை. அதன்பின் அம்மாணவர் நம்மிடம் கதை எதையும் காட்டவில்லை.

இன்று நம் இளைஞர்கள் மிகுபுனைவுகளை ஆவலுடன் படிக்கிறார்கள். சிலர் எழுதவும் முனைகிறார்கள். அவர்களிடம் நாம் காமிலின் விடைகளை எதிர்பார்க்கிறோம். மானின் நெஞ்சைத் திறந்து வெற்றறையைக் காணும் அந்தக் கணத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கத் தயங்குகிறோம். ஃபத்வாவுக்கு உரிய இடம் வேறு, கதைக்கு உரிய இடம் வேறு. வினாவை வினாவாகவே சிறிது நேரம் நிற்கவிடுவது ஈமானுக்குக் குறைவன்று என்பதை நாம் காலந்தாழ்ந்தே கற்றோம்.