நிற்கத் தெரிந்த பம்ப்

எஸ்.யூ. மின்சாரப் பெட்ரோல் பம்ப்பை ரசிக்க வேண்டுமென்றால், அது ஓடுவதைவிட நிற்பதைக் கவனிக்க வேண்டும். பழைய மோரிஸ் மைனரில் சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து டக்டக்டக்கென்று ஒரு சத்தம் அவசரமாகக் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் நிதானப்படும். டக்... டக்... என்று இடைவெளி விடும். பிறகு ஓய்ந்துவிடும். கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பர் நிறைந்துவிட்டது, இனி ஸ்டார்ட் செய்யலாம் என்று பொருள். இந்தச் சில நொடிகளைக் கேட்கத் தெரிந்தவருக்குப் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்கின்னர் சகோதரர்கள் இங்கிலாந்தில் தொடங்கிய நிறுவனம் எஸ்.யூ.; ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். 1926-இல் அதை வில்லியம் மோரிஸ் வாங்கினார். அதனால் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனருக்கும் இதே பம்ப்தான். அந்தக் காரைத்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தது. இலங்கையில் மோரிஸ் மைனரைச் செல்லமாக வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு.

பம்ப்பின் உள்ளே நடப்பது எளிமையானது. காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் டயாஃப்ரத்தை இழுக்கிறது. டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. இழுப்பின் கடைசியில் ஒரு சின்ன ராக்கர் பட்டென்று மறுபக்கம் சாய்ந்து பாயின்ட்டைப் பிரிக்கிறது. நாம் கேட்கும் 'டக்' அதுதான். மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் டயாஃப்ரத்தைத் திரும்பத் தள்ளி பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது. ஆக, இழுப்பது மின்சாரம், தள்ளுவது ஸ்பிரிங். எந்த மாடலானாலும் அழுத்தம் நான்கு பி.எஸ்.ஐ.யைத் தாண்டாது. கார்புரேட்டர் நிறைந்து நீடில் வால்வு மூடிக்கொண்டால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. டயாஃப்ரம் இழுத்த நிலையிலேயே நிற்கும், பாயின்ட் பிரிந்தே இருக்கும், பேட்டரியிலிருந்து துளி மின்சாரமும் போகாது. வேலை இல்லாதபோது செலவும் இல்லாத இயந்திரம்! இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் மீது எனக்குத் தீராத மரியாதை.

திருச்சியில் கிராப்பட்டியைத் தாண்டி எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம், மதுரைச் சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் இந்தக் கலையைப் பார்த்திருக்கிறேன். இரும்பைக் காதால் அறிவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1928 முதல் பொன்மலையில் ரயில்வே பணிமனை இருக்கிறது. ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஒலியை வைத்தே விரிசலைக் கண்டுபிடிப்பது ரயில்வேயின் பழைய வழக்கம்.

"அண்ணே, பம்ப் போயிடுச்சா?" என்று பதறி வருகிறார் கார்க்காரர்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க சார். சாவியை மட்டும் போடுங்க" என்கிறார் மெக்கானிக்.

டக்டக்டக்கென்று சத்தம் ஓயாமல் போகிறது. வேகம் குறையவே இல்லை.

"பம்ப் நல்லாத்தான் இருக்கு சார். காத்தை இழுக்குது."

டேங்க் காலியில்லை என்று பார்த்துக்கொண்டபின், பம்ப்பின் அவுட்லெட்டில் ஒரு ஹோஸை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் இருக்கும் பெட்ரோலுக்குள் முழுக்கி வைக்கிறார். முதலில் வரும் குமிழிகள் குழாயில் இருந்த காற்று. அது போனபின்னும் குமிழி நிற்கவில்லையென்றால், டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. பெட்ரோல் கசியாது, காற்று மட்டும் புகும். அதனால்தான் கண்ணுக்குத் தப்புகிறது.

சத்தமே வராத பம்ப்பிடம் அவர் காட்டும் நிதானம் இன்னும் அழகு. முதலில் டெஸ்ட் லாம்ப் வைத்து மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பார், அடுத்து எர்த். இரண்டும் சரியென்றால் பம்ப்பின் மேல் கையை வைப்பார். சுட்டால், உள்ளே வரும் வழி அடைத்திருக்கிறது: இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டே இருப்பதால் பாயின்ட் சேர்ந்தே இருந்து காயில் காய்கிறது. டேங்க் மூடியைத் திறந்ததும் உயிர் வந்தால், மூடியின் காற்றுத் துளைதான் அடைப்பு. பம்ப் சில்லென்று இருந்தால் அவுட்லெட்டை மெல்லத் தளர்த்துகிறார். உடனே டக்கென்று பேசினால் குற்றம் பம்ப்பில் இல்லை, கார்புரேட்டரின் நீடில் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாள்கணக்கில் நிறுத்திவைத்த வண்டிகளில் காய்ந்த பெட்ரோல் பிசின் செய்யும் வேலை இது.

இன்ஜின் ஓடாதபோதும் சில நொடிக்கு ஒருமுறை டக்கென்று அடித்தால் பெட்ரோல் எங்கோ நழுவுகிறது. கார்புரேட்டர் வழிகிறதென்றால் நீடில் வால்வு. வழியவில்லையென்றால் பம்ப்பின் சொந்த வால்வில் தூசு.

சுத்தியல் கைப்பிடியால் பம்ப்பைத் தட்டி ஓட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. நடுவழியில் வீடு போய்ச் சேர உதவும், சரி. ஆனால் தட்டினால் ஓடுகிறது என்றாலே பாயின்ட் கருகியிருக்கிறது என்று அது சொல்லிவிட்டது. அதற்கு மேலும் தட்டுவது கொடுமை. புதூர்க்காரர் உப்புத்தாளைத் தொடுவதில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கெட்டிக் காகிதத் துண்டு ஒன்றைப் பாயின்ட்டுகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருவுகிறார். கருமை காகிதத்தில் ஏறிவிடும். அப்படியும் சரியாகாத பாயின்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

புதிய டயாஃப்ரம் போட்டு செட் செய்வதுதான் இதில் உச்சம். ராக்கர் சாய மறுக்கும்வரை டயாஃப்ரத்தை உள்ளே திருகுகிறார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, விரலால் அழுத்த, ராக்கர் சாயும் முதல் கணத்தைப் பிடிக்கிறார். அங்கிருந்து திருகாணித் துளைகள் ஒத்துவரும் இடத்துக்கு வந்து, மேலும் நான்கு துளை பின்னால், அதாவது மூன்றில் இரண்டு பங்கு சுற்று. கம்பெனிப் புத்தகம் சொல்லும் கணக்கு இதுதான். ஆனால் அந்த முதல் கணத்தைப் புத்தகத்தால் காட்ட முடியாது, விரல்தான் பிடிக்க வேண்டும்.

கார்புரேட்டர் இல்லாத, 2000-க்குப் பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. மாருதி 800-ம் இப்போது பழைய வண்டிதான். அதன் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. சாவியைப் போட்டதும் இரண்டு மூன்று நொடி மெல்லிய ரீங்காரம், அவ்வளவே. அது கேட்கவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர், எர்த் என்று பார்த்துவிட்டுத்தான் டேங்கைத் தொட வேண்டும். அந்த பம்ப்பைக் குளிர்விப்பதும் பெட்ரோலேதான். எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிறவர்கள் அதன் ஆயுளைக் குறைக்கிறார்கள்.

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பை நாடு 2025-இல் எட்டியது. பழைய ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. ஊறும், உப்பும், உதிரும். மோரிஸ் வைத்திருப்பவர்கள் ஹோஸ்களையும் பம்ப்பின் ரப்பர் பாகங்களையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட வேண்டும். கிளிப்புகளையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுவது நல்லது; காற்று புகுவது பெரும்பாலும் அங்கேதான்.