டஸ்க்: உரத்துப் பேசாத பரிசோதனை

'ஃப்ளீட்வுட் மேக்' குழுவின் 'டஸ்க்' ஆல்பத்தை இன்று குறைசொல்லும் ராக் ரசிகர்கள் அரிதாகிவிட்டார்கள். 1979 அக்டோபரில் அது வெளிவந்தபோது நிலைமை நேர்மாறு. முந்தைய ஆல்பமான 'ரூமர்ஸ்' போல இன்னொன்று கிடைக்கும் என்று கடைக்குப் போனவர்கள் 20 பாடல்கள் கொண்ட இரட்டை இசைத்தட்டோடு திரும்பினார்கள். அதில் பாதிக்குமேல் அவர்களுக்குப் பிடிபடவில்லை. நாற்பது ஆண்டுகளில் அந்தக் குழப்பம் மரியாதையாக மாறியது நல்ல செய்திதான். ஆனால் அந்த மரியாதையோடு ஒரு தவறான கதையும் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. 'டஸ்க்' என்பது லிண்ட்சே பக்கிங்ஹாம் என்ற ஒற்றை மனிதரின் கலகம், குழுவின் மற்ற இரு பாடலாசிரியர்களான கிறிஸ்டீன் மெக்வீ, ஸ்டீவி நிக்ஸ் ஆகியோரின் பாடல்கள் பழைய வாடிக்கையாளர்களைச் சமாதானப்படுத்தச் சேர்த்த இனிப்பு என்பதே அந்தக் கதை. இதை நான் ஏற்கவில்லை. இதனால் அதிகம் இழப்பவர் கிறிஸ்டீன் மெக்வீ என்பதால் இன்னும் அழுத்தமாகவே மறுக்கிறேன்.

குழுவின் தொடக்க வரலாறு பலரும் அறிந்ததே. 1967-இல் லண்டனில் பீட்டர் கிரீன் என்ற அற்புதமான ப்ளூஸ் கிடார் கலைஞர் தொடங்கிய குழு இது. தன் பெயரை வைக்காமல் டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட், பேஸ் வாசித்த ஜான் மெக்வீ ஆகிய இருவரின் பெயரால் குழுவை அழைத்தார். 1970-இல் அவர் விலகினார். டேனி கெர்வன், பாப் வெல்ச் என்று ஆட்கள் மாறிய நடுக்காலம் சீரற்றது. 1974-இல் குழு கலிஃபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் வந்து சேர்ந்தார்கள். பிறகு 1977, 'ரூமர்ஸ்', இரண்டு காதல்களின் முறிவு, அமெரிக்கப் பட்டியலில் 31 வாரம் முதலிடம்.

இந்தச் சுருக்கத்தில் வழக்கமாக விடுபடுவது ஒன்று உண்டு. 'சிக்கன் ஷாக்' என்ற ப்ளூஸ் குழுவில் பாடிப் பெயர் பெற்றிருந்த கிறிஸ்டீன் பெர்ஃபெக்ட், ஜான் மெக்வீயை மணந்து 1970-இல் இந்தக் குழுவுக்கு வந்தார். அந்தச் சீரற்ற நடுக்காலத்தில் குழு உயிரோடு இருந்ததற்கு அவருடைய பாடல்களும் முக்கியமான காரணம். 1972-இன் 'பேர் ட்ரீஸ்' ஆல்பத்தில் உள்ள 'ஸ்பேர் மீ எ லிட்டில் ஆஃப் யுவர் லவ்' போன்ற பாடல்களைக் கேட்டால், பின்னாளைய புகழுக்கான மெட்டு கலிஃபோர்னியாவில் பிறக்கவில்லை என்பது தெரியும். 'ரூமர்ஸ்' ஆல்பத்திலும் நான்கு பாடல்கள் அவருடையவை.

'ரூமர்ஸ்' வெற்றியைத் திரும்பச் செய்ய பக்கிங்ஹாம் மறுத்தார். அந்த மறுப்பின் துணிச்சலை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. 'டாக்கிங் ஹெட்ஸ்', 'தி கிளாஷ்' குழுக்களின் புதிய அலையைக் கேட்டு அவர் உண்மையாகவே கலங்கியிருந்தார். தன் வீட்டிலேயே பதிவுக் கருவிகளை வைத்துக்கொண்டு, பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்தார். காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தட்டித் தாளம் எடுத்தார். குளியலறைத் தரையில் ஒலிவாங்கியை வைத்து அதன்மேல் குனிந்து பாடினார். லாஸ் ஏஞ்சலீசின் 'வில்லேஜ் ரெக்கார்டர்' ஒலிப்பதிவுக்கூடத்தில் மாதக்கணக்கில் வேலை நடந்தது; செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டியது. தலைப்புப் பாடலுக்காகத் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக் குழுவை டாட்ஜர் மைதானத்துக்கு வரவழைத்துப் பதிவுசெய்தார்கள். அன்று வராத ஜான் மெக்வீக்குப் பதிலாக அவருடைய ஆளுயர அட்டைப் படம்தான் மைதானத்தில் நின்றது. சொல்லச் சொல்ல அலுக்காத கதைகள் இவை. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கதை உள்ளவர் நினைவில் நிற்கிறார். கதை இல்லாமல் பியானோ முன் உட்கார்ந்து வேலையை முடித்தவர் மறக்கப்படுகிறார்.

ஆல்பத்தையே எடுத்துப் பார்ப்போம். 20 பாடல்களில் ஒன்பது பக்கிங்ஹாமுடையவை, ஆறு கிறிஸ்டீன் மெக்வீயுடையவை, ஐந்து நிக்ஸுடையவை. கலகக்காரனின் ஆல்பம் என்று சொல்லப்படும் இதன் முதல் பாடலும் கடைசிப் பாடலும் மெக்வீ எழுதியவை. முதல் பாடலான 'ஓவர் அண்ட் ஓவர்', உலகமே காத்திருந்த ஒரு தொகுப்பைத் தொடங்குவதற்குச் சற்றும் பொருந்தாதது. அவசரமே இல்லாத நடை, தயங்கித் தயங்கிக் கேட்கும் குரல், உச்சத்துக்கு ஏறுவோம் என்ற உறுதியைக் கடைசிவரை தராத மெட்டு. வானொலிக்கு ஏற்ற துள்ளலான தொடக்கப் பாடலை எழுதத் தெரியாதவர் அல்லர் அவர். 'ரூமர்ஸ்' ஆல்பத்தின் 'டோன்ட் ஸ்டாப்' அவருடையது. அப்படிப்பட்டவர் இப்படித் தொடங்கியிருக்கிறார்.

அதை அடுத்து இரண்டே நிமிடத்தில் மூச்சிரைக்க ஓடி முடிகிறது பக்கிங்ஹாமின் 'தி லெட்ஜ்'. அந்த மந்தமான தொடக்கம் முன்னால் இல்லாவிட்டால் இந்த ஓட்டம் இவ்வளவு திடுக்கிட வைக்காது. இசைத்தட்டின் மூன்றாம் பக்கத்தில் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. பக்கிங்ஹாமின் 'தட்ஸ் இனஃப் ஃபார் மீ' வெறிகொண்டு கத்தி ஓய்ந்ததும் மெக்வீயின் 'ப்ரவுன் ஐஸ்' வருகிறது. சொற்கள் மிகச் சில. பொருளற்ற அசைகளே பாடலைத் தாங்குகின்றன. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புகைபோலப் படிகின்றன. முடிவில் மங்கலாகக் கேட்கும் கிடாரில் பீட்டர் கிரீனின் கையும் உண்டு. இசைத்தட்டில் அவர் பெயர் போடப்படவில்லை. குழுவின் முழு வரலாறும் அந்தச் சில நொடிகளில் வந்துபோகிறது. அடுத்து வரும் 'நெவர் மேக் மீ க்ரை' பாடலில் தாளக் கருவி அநேகமாக இல்லை. வெறுமையான வெளியில் ஒரு குரல் நிற்கிறது. 1979-இன் பெரும்பணம் புழங்கிய ராக் உலகில், அத்தனை லட்சம் செலவான ஆல்பத்தில், இவ்வளவு எடுத்துவிட்டுப் பாடத் துணிவதைப் பரிசோதனை என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

ராக் விமர்சனத்தின் பழைய நோய் ஒன்று இங்கே வெளிப்படுகிறது. சத்தம், சிதைவு, கோபம் இருந்தால் அது சோதனை முயற்சி. மென்மையும் மெட்டும் இருந்தால் அது வணிகம். இந்த அளவுகோலால் அளந்தால் மெக்வீ என்றைக்கும் 'இனிமையான பாடல்கள் எழுதியவர்' என்ற பாராட்டைத் தாண்ட முடியாது. பாராட்டின் உருவில் வரும் அலட்சியம் அது. ஸ்டீவி நிக்ஸுக்கும் 'டஸ்க்' விஷயத்தில் அநீதி நடந்தது. 'சாரா' ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரு மயக்கம். ஆல்பம் குறுந்தகடாக வந்தபோது ஒரே தட்டில் எல்லாவற்றையும் அடக்க அந்தப் பாடலைத்தான் வெட்டிச் சுருக்கினார்கள். என்றாலும் நிக்ஸின் ஆளுமையைச் சுற்றி ஒரு பெரிய ரசிகர் உலகம் இருக்கிறது. மெக்வீக்கு அதுவும் இல்லை.

பக்கிங்ஹாமின் காது மெக்வீயின் பாடல்களிலும் வேலை செய்திருப்பது உண்மை. தயாரிப்பாளர் குறிப்பில் குழு அவருக்குத் தனியாக நன்றி சொல்லியிருக்கிறது. 'திங்க் அபௌட் மீ' பாடலில் சொரசொரக்கும் கிடார் அவருடையது. ஆனால் செல்வாக்கு ஒரு திசையில் மட்டும் ஓடவில்லை. இதற்கு 1981-இல் அவர் தனியாக வெளியிட்ட 'லா அண்ட் ஆர்டர்' சாட்சி. அதே கிறுக்குத்தனம், அதே திறமை, ஆனால் உரசிக்கொள்ள எதிரே யாருமில்லை. பாதியிலேயே சோர்வு தட்டுகிறது. 'டஸ்க்' ஆல்பத்தில் அந்தச் சோர்வு வராததற்கு, அவரைவிட நிதானமான ஒரு கலைஞர் அதே பக்கத்திலோ அடுத்த பக்கத்திலோ காத்திருந்தது காரணம்.

'தோல்வி' என்ற சொல்லும் இந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டது. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் நான்காம் இடம், ஏறத்தாழ 40 லட்சம் பிரதிகள். வேறெந்தக் குழுவுக்கும் இது கொண்டாட்டம். 'ரூமர்ஸ்' கோடியைத் தாண்டியிருந்ததால் இசைத்தட்டு நிறுவனத்துக்கு இது சரிவாகத் தெரிந்தது. ஏறக்குறைய 16 டாலர் விலை அன்று அதிகம். வானொலியில் முழு ஆல்பத்தையும் ஒலிபரப்பியதால் பலர் வீட்டிலேயே நாடாவில் பதிந்துகொண்டார்கள் என்று மிக் ஃப்ளீட்வுட் பின்னாளில் வருந்தினார். 1982-இன் 'மிராஜ்' பழைய பாதுகாப்பான பாதைக்குத் திரும்பியது. அழகான ஆல்பம்தான், ஆனால் அதில் ஆபத்து எதுவும் இல்லை.

2015-இல் 'டஸ்க்' பெரும் தொகுப்பாக மறுபதிப்பு கண்டது. பக்கிங்ஹாமின் ஒரே பாடலுக்குப் பல முன்வரைவுகள் அதில் இடம்பெற்றன. மேதையின் பட்டறையைக் காட்டும் ஆவணங்கள் என்று ரசிகர்கள் அவற்றை வரவேற்றார்கள். மெக்வீயின் பட்டறையைப் பற்றி அப்படியொரு ஆர்வம் எழவில்லை. 2022 நவம்பர் 30 அன்று அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளும் பெரும்பாலும் 'ரூமர்ஸ்' ஆல்பத்தின் 'சாங்பேர்ட்', 'டோன்ட் ஸ்டாப்' என்ற இரு கரைகளுக்குள் அடங்கிவிட்டன. அவருடைய மிகத் துணிச்சலான ஆறு பாடல்கள் 'டஸ்க்' ஆல்பத்தில்தான் இருக்கின்றன.

இதுவரை கேட்காதவர்கள் 'சாரா' முழு நீளத்தில் உள்ள 2004-ஆம் ஆண்டுப் பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ தேடிக் கேளுங்கள். பக்கிங்ஹாமின் ஒன்பதை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். 'ஓவர் அண்ட் ஓவர்' தொடங்கி 'நெவர் ஃபர்கெட்' வரை, வரிசை மாற்றாமல், ஒரே அமர்வில் கேளுங்கள்.