ஒரு கமிட்டியின் கடைசிப் பாரா

நாவல் வாசகர்களில் ஒரு சாரார் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவதுண்டு. சர்க்கார் கமிட்டிகளின் அறிக்கையைப் படிக்கிறவர்கள் இன்னும் சிக்கனக்காரர்கள். 'முடிவு' என்ற தலைப்புக்குக் கீழே முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுவார்கள். 1926-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் அறிக்கைக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. கதை எழுதுகிறவனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். எந்தப் பாத்திரத்தை உள்ளே விட்டார்கள், யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள் என்று பார்ப்பதுதானே அவன் தொழில்?

விஷயம் பெட்ரோலில் கலந்த காரீயம். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் வேறு. இது துப்பாக்கிக் குண்டு வார்க்கிற சரக்கு, விஷம். மோட்டார் என்ஜினுக்குள் தட்டுகிற சத்தத்தை அடக்க இதைக் கலந்தால் போதும் என்று தாமஸ் மிட்ஜ்லி என்ற எஞ்சினீயர் 1921-ல் கண்டுபிடித்தார். 1923 பிப்ரவரியில் ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. சரக்குக்கு 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். காரீயம் என்ற சொல் பெயரில் இல்லை. ஆபத்தான பாத்திரத்துக்குச் சாதுவான பெயர் வைப்பது நாவலாசிரியர்களின் பழைய தந்திரம். வியாபாரிகளும் அதில் சளைத்தவர்கள் அல்ல.

1924 அக்டோபரில் நியூ ஜெர்ஸியில் இந்தச் சரக்கைத் தயாரித்த ஆலை ஒன்றில் ஐந்து தொழிலாளிகள் சித்தம் கலங்கி இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, ஒரு நிமிஷம் முகர்ந்தும் காட்டினார். காரீய விஷம் ஏறி, முந்திய ஆண்டுதான் அவர் ஓய்வெடுக்கப் போயிருந்தார் என்பதை அங்கே சொல்லவில்லை.

மறு ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி சர்ஜன் ஜெனரல் ஹியூ கம்மிங் வாஷிங்டனில் ஒரு மகாநாடு கூட்டினார். இது கடவுள் கொடுத்த வரம் என்றார் கம்பெனித் தரப்பில் பேசிய ஒருவர். தொழில் நோய்களில் தேர்ந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார் எதிர்த்துப் பேசினார். யேல் சர்வகலாசாலையின் யாண்டெல் ஹெண்டர்சன், இந்த விஷம் மெதுவாக, பொதுஜனங்கள் விழித்துக்கொள்வதற்குள் எங்கும் பரவிவிடும் என்று எச்சரித்தார். விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. ஏழு நிபுணர்கள் கொண்ட கமிட்டி நியமனமாயிற்று. ஹார்வர்டு, யேல் போன்ற இடங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய யோக்கியதையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர்கள் 252 பேரைப் பரிசோதித்தார்கள். எல்லோரும் கார் ஓட்டிகள், காரேஜ் ஆட்கள், ஆலைத் தொழிலாளிகள். வேலை செய்யத் திடமுள்ள ஆண்கள். அவர்களில் யாரும் அந்தப் பெட்ரோலை மூன்று ஆண்டுகூடத் தொட்டிருக்க முடியாது. கதையில் குழந்தை என்ற பாத்திரமே கிடையாது. காரீயம் முதலில் கெடுப்பது குழந்தையின் மூளையை. தெருவோரத் தூசியில் விளையாடி விரலைச் சப்புகிற அந்தப் பாத்திரத்தை விட்டுவிட்டு எழுதிய கதை எவ்வளவு நேர்மையானதாக இருந்தால்தான் என்ன?

1926 ஜனவரியில் அறிக்கை வந்தது. தக்க கட்டுப்பாடுகள் இருந்தால், தற்சமயம் தடை செய்ய நல்ல காரணம் இல்லை என்றது. 'தற்சமயம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதை எழுதியவர்கள் அறிந்தே எழுதினார்கள். உபயோகம் பெருகினால், நீண்ட காலத்தில் இந்தச் சொற்பச் சேர்மானமே நோயாக முற்றலாம். ஆகவே ஆராய்ச்சியை விட்டுவிடாமல் தொடர வேண்டும். அதற்குக் காங்கிரஸ் பணம் ஒதுக்க வேண்டும் என்றும் பின்னால் சொல்லியிருந்தார்கள்.

முதல் வாக்கியத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. விற்பனை மறுபடி தொடங்கிற்று. கடைசிப் பாராவை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை, ஏனென்றால் எழுதிய கமிட்டி கலைந்துபோயிற்று. ஆராய்ச்சி ராபர்ட் கீஹோ என்பவர் கைக்குப் போயிற்று. அவர் எத்தில் கம்பெனியின் வைத்திய ஆலோசகர். அவருடைய சோதனைச் சாலைக்குப் படியளந்ததும் அந்தத் தொழில்தான். தீமை என்று நிரூபித்துக் காட்டுங்கள், பிறகு நிறுத்துகிறோம் என்பது அவர் வாதம். நிரூபிக்கத் தேவையான பணமும் கருவியும் அவரிடமே இருந்தன.

1958-ல் பெட்ரோலில் காரீயத்தின் அளவை இன்னும் கூட்டிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். அதற்கும் ஒரு கமிட்டி. 1926-ல் சிபாரிசு செய்த ஆராய்ச்சிகள் நடக்காமல் போனது வருந்தத்தக்கது என்று அந்தக் கமிட்டி 1959-ல் எழுதியது. வருந்திவிட்டு, அளவைக் கூட்டவும் இடம் கொடுத்தது! நான் படித்த எந்த ஹாஸ்யக் கதையிலும் இதற்கு ஈடான இடம் இல்லை.

பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பாட்டர்சன் 1965-ல், அமெரிக்கர் உடம்பில் உள்ள காரீயம் இயற்கை அளவைவிடப் பல மடங்கு என்று எழுதினார். காற்றிலுள்ள காரீயத்தைப் பற்றி ஆராய 1971-ல் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த குழுவில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் 1973-ல் காரீயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் விதிகள் வந்தன. 1976-க்கும் 1980-க்கும் நடுவில், பெட்ரோலில் குறையக் குறைய ஜனங்களின் ரத்தத்திலும் காரீயம் குறைந்தது. காற்று மாசு பற்றி ஆலோசனை சொல்ல 1977-ல் சட்டப்படியே ஒரு நிலையான விஞ்ஞானக் கமிட்டி ஏற்பட்டது. அதிலும் ஏழு பேர்தான். ஆனால் குறித்த காலத்துக்கு ஒருமுறை பழைய அளவுகோலை எடுத்துப் பார்த்தே தீரவேண்டும் என்பது விதி. 1926-ன் ஏழு பேருக்கு அந்த ஓர் உரிமை இருந்திருந்தால், கடைசிப் பாராவை அவர்களே திரும்பப் படித்திருப்பார்கள்.

காரீயப் பெட்ரோல் அமெரிக்கச் சாலைகளிலிருந்து 1996-ல் நீங்கிற்று. நம் நாட்டு பங்குகளில் 2000-ல் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. அறிக்கை வந்து அப்போது 95 வருஷம் ஆகியிருந்தது.