முருகு சுப்பிரமணியனின் ஆசிரியப் பணி: ஒரு மதிப்பீடு

இலக்கிய வரலாறு எழுதுவோர் நூலாசிரியர்களை எண்ணுவர். இதழாசிரியர்களை ஓரிரு வரிகளில் கடந்து செல்வர். பிறரை எழுத வைத்தவருக்கு வரலாற்றில் யாது இடம்? முருகு சுப்பிரமணியனின் வாழ்வு இவ்வினாவை எழுப்புகின்றது.

நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' இதழைத் தொடங்கிய 1924ஆம் ஆண்டிலேயே கோனாப்பட்டில் பிறந்தவர் அவர். 1947இல் அரு. பெரியண்ணனுடன் இணைந்து 'பொன்னி' இதழை நடத்தினார். முடியரசன் முதலிய இளங்கவிஞர்களைப் 'பாரதிதாசன் பரம்பரை' என்னும் தலைப்பில் அவ்விதழ் அறிமுகப்படுத்தியது. பின்னர்க் கடல் கடந்து, சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசில்' பணியாற்றினார். அதன்பின் கோலாலம்பூருக்கு வந்து 'தமிழ் நேசன்' ஆசிரியரானார்.

ஊர் மாறிற்று, நோக்கம் மாறவில்லை. பொன்னியில் கவிஞர்களைத் தேடியவர், நேசனில் கதைஞர்களைத் தேடினார். 1972இல் தொடங்கிய பவுன் பரிசுத் திட்டம் அத்தேடலின் விளைவேயாகும். நல்ல சிறுகதைக்குத் தங்கப் பவுன் என்னும் அறிவிப்பு, பிரிக்பீல்ட்ஸ் எழுத்தருக்கும் கிள்ளான் தோட்டப்புற ஆசிரியருக்கும் ஒருசேர விடுக்கப்பெற்ற அழைப்பு. அதனால் இந்நாட்டு மண்ணும் மக்களும் கதைப்பொருளாகும் வாய்ப்புப் பெருகிற்று.

குறையும் கூறுதல் திறனாய்வின் கடன். பரிசு எழுதுவோரைப் பெருக்கும். வாசிப்போரைத் தானாக வளர்க்காது. அவருக்கு முன் 1953 முதல் 1957 வரை நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் கூட்டிக் கதைகளை அலசி ஆராயும் பழக்கத்தை விதைத்தார். அப்பயிற்சியும் பவுன் பரிசும் கைகோத்து நடந்திருப்பின், அளவோடு தரமும் ஓங்கியிருக்கும் என்பது எம் துணிபு. போட்டிக் கதைகள் சிலவற்றில் கலையினும் அறிவுரை மேலோங்கி நிற்பதற்கும் இதுவே காரணம் எனலாம்.

எனினும் இக்குறை அவர்தம் பெருமையைக் குறைக்காது. விதைத்தவன் ஒருவனே களையும் பறித்து அறுவடையும் செய்தல் வேண்டுமென எதிர்பார்த்தல் முறையன்று. களையெடுக்கும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நம்முடையது அன்றோ?

2019 பிப்ரவரியில் 'தமிழ் நேசன்' நின்றுவிட்டது. பழைய இதழ்களின் கதைகளை மாணவர் கையில் கொடுத்து, நிறையும் குறையும் ஆய்ந்துரைக்கப் பழக்குவோம். அவ்வாசிரியருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.