பத்து நிமிடச் சராசரியின் சாட்சியம்

“நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் ஏன் அப்படி இழுத்துச்சு?” இந்தக் கேள்வி எப்போதும் காலையில்தான் வரும். அப்போது டாப் கட்டளையைத் திறந்து பயனில்லை. அது இந்த நொடியை மட்டுமே காட்டும். நேற்றைப் பற்றிச் சொல்ல, நேற்றே எழுதிவைத்த பதிவு வேண்டும். ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் காலத்திலிருந்து அந்தப் பதிவை எழுதிவருவது சார் (sar) என்ற கருவி. சோலாரிஸிலும் ஏஐஎக்ஸிலும் அது உண்டு. லினக்ஸில் சிஸ்ஸ்டாட் தொகுப்பின் பகுதியாகக் கிடைக்கிறது. புரோமிதியஸ், கிராஃபனா போன்ற கண்காணிப்புக் கருவிகள் எங்கும் பரவிவிட்ட பிறகு இது இன்னும் தேவையா?

விடை, சார் எதை எப்படி அளக்கிறது என்பதில் இருக்கிறது. சிபியு எவ்வளவு நேரம் உழைத்தது, டிஸ்கில் எத்தனை முறை எழுதப்பட்டது என்பதையெல்லாம் பூட் ஆன கணத்திலிருந்து கெர்னல் கூட்டிக்கொண்டே வருகிறது. கிரானோ அதுபோன்ற டைமரோ எழுப்பும் சிறு நிரல் ஒன்று அந்தக் கூட்டுத்தொகையைக் குறித்த இடைவெளியில் பைனரி கோப்பில் சேர்க்கிறது. சார் அடுத்தடுத்த இரு பதிவுகளைக் கழித்து, இடைப்பட்ட நேரத்தால் வகுத்துக் காட்டுகிறது. இந்த வடிவமைப்பை நான் மெச்சுகிறேன். சர்வருக்குச் சுமை ஏறக்குறைய இல்லை. நடந்த வேலையின் மொத்தத்தில் ஒன்றும் விட்டுப்போவதும் இல்லை.

ஆனால் மொத்தம் சரியாக இருப்பதும் நடந்தது தெரிவதும் வேறு வேறு. லினக்ஸில் வழக்கமான இடைவெளி 10 நிமிடம். அதற்குள் 30 நொடி சிபியு முழுக்கத் திணறி, மீதி நேரம் சும்மா இருந்தால், சார் காட்டுவது 5 சதவீதம். அந்த 30 நொடியில் பணம் கட்ட முடியாமல் திரும்பிய வாடிக்கையாளருக்கு இந்த 5 சதவீதத்தில் இடமில்லை. மெமரியும் இயங்கக் காத்திருக்கும் வரிசையின் நீளமும் இதற்கு நேர்மாறு: அவை சராசரியே அல்ல, பதிவெடுத்த கணத்தின் நிலை மட்டும். ஒரே அறிக்கையில் இந்த இருவகை எண்களும் ஒரே தோற்றத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. பிரித்துப் படிக்கத் தெரியாதவரை இது நிச்சயம் ஏமாற்றும்.

ஐஓவெயிட் இன்னும் மோசம். சிபியு வேலையின்றி இருக்கும்போது டிஸ்க் வேலை ஏதேனும் பாக்கி இருந்தால்தான் அந்த நேரம் ஐஓவெயிட் கணக்கில் சேரும். வேறொரு நிரல் சிபியுவைப் பிடித்துக்கொண்டால், டிஸ்க் அதே அளவு திணறினாலும் இந்த எண் இறங்கிவிடும். டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்று காட்டும் யூடில் சதவீதமும் ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்த பழைய டிஸ்குக்குப் பொருந்தியது. பல வேலைகளை இணையாக முடிக்கும் எஸ்எஸ்டி 100 காட்டியபடியே இன்னும் நிறையத் தாங்கும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, யார் செய்தார் என்பதை அது சொல்லாது. 2.10க்கும் 2.20க்கும் இடையில் சிபியு தீர்ந்தது தெரியும். எந்தப் பிராசஸ் தின்றது என்பது அதன் தினக்கோப்பில் இல்லை. அதற்கு ஏடாப் (atop) போன்ற ஒரு கருவி கூடவே ஓட வேண்டும்.

அப்படியானால் புரோமிதியஸ் போதுமா? 15 நொடிக்கு ஒருமுறை எண் எடுத்தால் கூர்மை கூடும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது நெட்வொர்க் வழியாக வந்து எடுக்கிறது. நெட்வொர்க் விழுந்தால், நமக்கு வேண்டிய அதே நேரத்தில் பதிவில் ஓட்டை. சார் உள்ளூர் டிஸ்கில் எழுதிக்கொண்டே இருக்கும். மறுபக்கம், சர்வரையே அழித்துவிடும் கிளவுடில் சாரின் கோப்பும் கூடவே போய்விடும். ஒன்றின் குருட்டுப் பகுதியை மற்றது பார்க்கிறது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைப்பது சிக்கனமல்ல.

என் தீர்ப்பு இது: திடீர்க் கோளாறைத் துப்பறிய, வந்த அமைப்பிலேயே விடப்பட்ட சார் போதாது. இந்தச் சர்வருக்கு இயல்பு எது என்று நிறுவ, அதைவிட மலிவான, நம்பத்தக்க கருவியை நான் அறியேன். இந்த இரண்டாவது பயனைத்தான் பலர் பாழாக்குகிறார்கள். அறிக்கையின் கடைசி வரியில் வரும் நாள் சராசரியை அப்படியே திறன் அறிக்கையில் ஒட்டுகிறார்கள். ஆளில்லாத இரவையும் நெரிசலான பகலையும் கலந்த அந்த எண் எந்த முடிவுக்கும் உதவாது. இந்தத் திங்கள் பதினோரு மணியைப் போன திங்கள் பதினோரு மணியோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதற்குப் பழைய பதிவு இருக்க வேண்டுமே. டெபியன் வழக்கமாக வைத்திருப்பது 7 நாள், ரெட்ஹாட் 28 நாள். மாதக்கடைசிக் கணக்கு முடிப்பு 30 நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஒப்பிடப் போகும்போது போன மாதக் கோப்பு அழிந்திருக்கும். எனவே இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறையுங்கள், சேமிப்பை ஓராண்டுக்கு மேல் நீட்டுங்கள். கோப்பு சுமார் பத்து மடங்கு பெருக்கும். இன்றைய டிஸ்குக்கு அது பொருட்டல்ல. 2018 இறுதியில் வந்த லினக்ஸ் 4.20 முதல், வேலைகள் சிபியு, மெமரி, டிஸ்குக்காக எவ்வளவு நேரம் முடங்கின என்பதையும் கெர்னல் கணக்கிடுகிறது. புதிய சிஸ்ஸ்டாட் அதையும் பதிகிறது. ஐஓவெயிட்டுக்கு முன் அதைப் பாருங்கள். கோப்பின் பைனரி வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது என்பதால், ஓஎஸ் மேம்படுத்தும் முன் பழைய கோப்புகளை சிஸ்ஸ்டாட்டின் சாட்எஃப் (sadf) கட்டளை கொண்டு சிஎஸ்வியாகவோ ஜேசனாகவோ மாற்றி வேறொரு சர்வரில் வைத்துவிடுங்கள்.